ஜிடி என்ற இரண்டு எழுத்து: எஃப்ஜேஆர் வண்டிக்கு டயர் மாற்றிய அனுபவம்

சனிக்கிழமை காலை வண்டியைக் கழுவித் துடைத்த பிறகு முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, சுழலும் திசையில் ஒரு தடவை, எதிர்த்திசையில் ஒரு தடவை தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. இந்த டயர் போட்டு 6,200 மைல் ஆகிறது. இதற்கு முன்பு இருந்த டயர் 5,000 மைலிலேயே ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும், மறு திசையில் தடவினால் ரம்பப் பல் மாதிரி கையைப் பிடிக்கும். அந்த ரம்பப் பல்லில் ஆரம்பித்து இந்த வழவழப்பு வரை வந்த பாதையை ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது வட கரோலினாவில், ராலேக்குப் பக்கத்தில் கேரி. வண்டி 2014 யமஹா எஃப்ஜேஆர்1300 மோட்டார் சைக்கிள், இன்னொருவர் ஓட்டியதை வாங்கியது. 25 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் வண்டி மட்டுமே 289 கிலோ. நான் 82, மனைவி 61, இரண்டு பக்கப் பெட்டியிலும் துணிமணி, மழைக்கோட்டு, ஃபிளாஸ்க் எல்லாம் சேர்த்து 25. கூட்டினால் 457 கிலோ. இந்தக் கணக்கை நான் முதல் டயர் வாங்கும்போது போடவே இல்லை. அப்போது எல்லோரிடமும் கேட்டது ஒரே கேள்விதான்: எத்தனை மைல் ஓடும்? பதில்களில் பெரிய எண் எதுவோ அந்த டயரை வாங்கினேன். நல்ல பெயருள்ள நிறுவனத்தின் ஸ்போர்ட் டூரிங் (நீண்ட பயணத்துக்கும் வேகத்துக்கும் ஆன) டயர்தான், அளவும் சரி. முன்னால் 120/70 இசட்ஆர் 17, பின்னால் 180/55 இசட்ஆர் 17. ஆனால் அது அந்த டயரின் சாதாரண வகை.

தனியாக ஓட்டும்போது குறையே தெரியவில்லை. மனைவியை ஏற்றிக்கொண்டு புளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலையில் போனபோதுதான் தெரிந்தது. வளைவுக்குள் வண்டியைச் சாய்த்த பிறகு பின்பக்கம் மெதுவாக ஒரு முறை அமுங்கி எழும். வளைவு நடுவில் ஒரு ஒட்டுப்போட்ட தார் வந்தால் போதும், மறுபடி அமுங்கும். சஸ்பென்ஷன்தான் காரணம் என்று நினைத்துப் பின் ஸ்பிரிங்கை இருவர் நிலைக்கு மாற்றினேன், துள்ளலை அடக்கும் டேம்பிங்கைக் கூட்டினேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. 4,000 மைல் தாண்டியதும் நாற்பது மைல் வேகத்திலிருந்து குறையும்போது ஹேண்டில் லேசாக ஆட ஆரம்பித்தது. 5,000-இல் முன் டயரில் அந்த ரம்பப் பல். ஆங்கிலத்தில் கப்பிங் என்பார்கள்.

டயரை மட்டும் குறை சொல்ல முடியாது. பாதித் தப்பு என்னுடையது. ஒரு ஜூலை மாதம் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு பெட்ரோல் பங்கில் காற்று பார்த்தேன். 44 பிஎஸ்ஐ காட்டியது. அதிகம் என்று நினைத்து 40-க்கு இறக்கிவிட்டேன். சூடான டயரில் நாலு பிஎஸ்ஐ கூடக் காட்டுவது சாதாரணம். மறுநாள் காலை குளிர்ந்த பிறகு பார்த்தால் 36-க்கும் கீழே. அதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். கனமான வண்டியில் முன் டயர் காற்றுக் குறைவாக இருந்தால் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் டிரெட் கட்டைகள் (தரையில் படும் ரப்பர் துண்டுகள்) மடங்கி மடங்கித் தேயும். அந்த ரம்பப் பல்லில் எவ்வளவு காற்றால் வந்தது, எவ்வளவு டயரின் உடம்பால் வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் வளைவில் அமுங்கியது காற்று சரியாக இருந்த நாட்களிலும் அமுங்கியது.

பின் டயரின் நடு மட்டும் தட்டையாகி, மையத்தில் 1.2 மில்லிமீட்டர், ஓரத்தில் 4 மில்லிமீட்டர் என்று அளவு காட்டியபோது புது ஜோடி தேட ஆரம்பித்தேன். மோட்டார் சைக்கிள் டயரில் தேய்மானக் குறி 0.8 மில்லிமீட்டரில் இருக்கும். அதுவரை ஓட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. மழையில் ஒன்றரைக்குக் கீழே போனாலே பின்பக்கம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

இந்தத் தடவை டார்ச்சோடு கேரேஜ் தரையில் உட்கார்ந்து டயரின் பக்கச் சுவரான சைட்வாலைப் படித்தேன். முன் டயரில் 58டபிள்யூ, பின் டயரில் 73டபிள்யூ. 58 என்றால் 236 கிலோ தாங்கும், 73 என்றால் 365 கிலோ. டபிள்யூ என்பது மணிக்கு 270 கிலோமீட்டர் வரைக்கான குறி. இரண்டையும் கூட்டினால் 601 கிலோ, என்னுடைய 457 அதற்குள் வசதியாக அடங்குகிறது. அப்படியானால் ஏன் அமுங்கியது? கனமான வண்டிக்கென்று விற்கும் வகையில் இந்த எண் பெரிதாக இருக்கும் என்று நினைத்துத் தேடினேன். ஆச்சரியம், அதிலும் அதே 58, அதே 73. வித்தியாசம் எண்ணில் இல்லை, உள்ளே இருக்கும் கூட்டில். ரப்பருக்கு அடியில் இருக்கும் அந்தக் கூட்டைக் கனமான டூரிங் வண்டிகளுக்காக விறைப்பாகச் செய்கிறார்கள். சுமையைத் தாங்குவது ஒரு விஷயம், சுமையோடு வளைவில் அமுங்காமல் நிற்பது இன்னொரு விஷயம். இந்த ஒன்று முதலிலேயே தெரிந்திருந்தால் ஒரு செட் டயர் காசும் ஒரு வருடமும் மிச்சமாகியிருக்கும்.

சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. மிஷ்லனில் ரோடு 6 என்பது சாதாரணம், ரோடு 6 ஜிடி கனமான வண்டிக்கு. பிரிட்ஜ்ஸ்டோனில் டி32, டி32 ஜிடி. பிரெல்லியில்தான் குழப்பம்: ஏஞ்சல் ஜிடி என்பதில் வரும் ஜிடி வெறும் பெயர், கனமான வண்டிக்கானது ஏ என்ற குறி போட்ட வகை. மெட்சலர் ரோடுடெக்கில் எச்டபிள்யூஎம் என்று எழுதியிருக்கும். ஆக, ஜிடி என்ற இரண்டு எழுத்தைப் பார்த்ததும் வாங்கிவிடக் கூடாது, எந்த நிறுவனத்தின் ஜிடி என்றும் பார்க்க வேண்டும்.

பின் சக்கரத்தில் கார் டயரைப் போட்டு ஓட்டுகிறவர்களும் இங்கே உண்டு. டார்க்சைட் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. எஃப்ஜேஆர் வைத்திருப்பவர்களில் சிலர் அப்படி ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மைல் நிறையக் கிடைக்கிறது என்கிறார்கள். கார் டயரின் முகம் தட்டை, ரிம்மில் உட்காரும் விளிம்பான பீடின் வடிவமும் மோட்டார் சைக்கிள் ரிம்முக்கானது இல்லை. பின்னால் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு அந்தச் சோதனையைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. 190 அகலம் போடலாமே என்றும் ஒருவர் சொன்னார். ரிம் 5.5 அங்குலம், வண்டி 180-க்காகச் செய்தது. அகலத்தைக் கூட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், திரும்புவது சோம்பலாகும். அதையும் விட்டுவிட்டேன்.

கடைசியில் மிஷ்லன் ரோடு 6 ஜிடி. மழைதான் முக்கியக் காரணம். இங்கே கோடையில் மதியம் மூன்று மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கொட்டும். முன்பே அதன் பழைய தலைமுறையை இன்னொருவர் வண்டியில் மழையில் ஓட்டிப் பார்த்திருந்தேன். முன் டயர் 198 டாலர், பின் டயர் 262.

பெட்டி வந்தது. பின் டயரில் ஜிடி என்று இருக்கிறது, முன் டயரில் இல்லை. ஆர்டரைத் திறந்து பார்த்தால் நானே சாதாரண வகையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இரண்டு பெயரும் பட்டியலில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன, கை தவறிவிட்டது. திருப்பி அனுப்ப 19 டாலர், சரியானது வர 11 நாள். முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை போட்டால் என்ன என்று மச்சினன் கேட்டான். "ரெண்டும் ஒரே கம்பெனிதானே, அத்தான்?" கம்பெனி ஒன்றுதான், ஆனால் கூட்டின் விறைப்பு வேறு. ஏற்கெனவே முன்பக்கம் ஆடிய வண்டியில் அந்தப் பரிசோதனை வேண்டாம் என்று காத்திருந்தேன். வந்த டயரில் முதலில் பார்த்தது தயாரிப்புத் தேதி. சைட்வாலில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இரண்டு டயரும் ஆறு மாதத்துக்குள் செய்தவை.

பொருத்துவதற்குக் கடையில் விசாரித்தேன். வண்டியோடு போனால் இரண்டுக்கும் சேர்த்து 240 டாலர், சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுபோனால் ஒன்றுக்கு 50. வருடத்துக்கு ஒரு செட் தேய்க்கிறவனுக்கு வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொள்வது லாபம். அதைவிட, பின் சக்கரத்தைக் கழற்றும்போது செயினுக்குப் பதில் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் டிரைவின் பல் இணைப்பான ஸ்பிளைனை நானே பார்த்து கிரீஸ் போடலாம் என்பதுதான் பெரிய ஆசை.

முதலில் பின் சக்கரம். சென்டர் ஸ்டாண்டுக்கு அடியில் முக்கால் அங்குலப் பலகை ஒன்றை வைத்தேன். அது இல்லாவிட்டால் மட்கார்டில் இடித்துக்கொண்டு சக்கரம் வெளியே வராது. ஆக்சில் நட் இறுக்கமாக இருந்தது, நீளமான பிரேக்கர் பாரில் உடம்பைக் கொடுத்துத்தான் அசைந்தது. பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன், பிரேக் குழாயில் பாரம் விழக் கூடாது. சக்கரம் வெளியே வந்ததும் ஸ்பிளைனைப் பார்த்தேன். காய்ந்துபோய், செம்மண் நிறத்தில் பொடி. முந்தைய டயரைப் போட்டவர்கள் கிரீஸைத் தொடவே இல்லை. நல்லவேளை பற்கள் கூர்மையாகவில்லை. துணியால் சுத்தமாகத் துடைத்து மாலிப்டினம் பேஸ்ட் பூசினேன். சாதாரண வீல் பேரிங் கிரீஸ் இங்கே சுழற்சியில் வெளியே வீசப்பட்டுவிடும், மாலி பேஸ்ட்தான் நிற்கும். 14 டாலர் டப்பா, பல வருடத்துக்கு வரும்.

பழைய டயரின் பீடை ரிம்மிலிருந்து உடைப்பதில் முக்கால் நாள் போனது. பெரிய சி கிளாம்ப் வைத்து நெருக்கலாம் என்று எங்கோ பார்த்ததை நம்பி முயன்றேன். ரப்பர் அமுங்கியது, பீடு அசையவில்லை. கிளாம்ப்பின் திருகுதான் வளைந்தது. பிறகு இரண்டுக்கு நாலு அங்குலக் கட்டை ஆறடி எடுத்து, அதன் ஒரு முனையைக் கதவுக் கீலால் கேரேஜ் தூணில் பிடித்து, ஒன்றரை அடி தள்ளி இன்னொரு சின்னக் கட்டையைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டேன். அந்தச் சின்னக் கட்டை டயரின் ஓரத்தில் உட்கார, மறு முனையை மச்சினன் அழுத்தினான். படாரென்று ஒரே சத்தம், பீடு இறங்கிவிட்டது. முழுச் செலவும் கீலுக்கான ஆறு டாலர். சக்கரத்தைப் படுக்க வைக்கும்போது கீழே பிரேக் டிஸ்க் தரையில் படக் கூடாது. பழைய கார் டயர் ஒன்றின் மேல் வைத்துக்கொண்டோம். ஏபிஎஸ் வளையமும் அதே பக்கம்தான் இருக்கிறது, அது வளைந்தால் வேலை பெரிதாகிவிடும்.

புது டயரை ஏற்றுவதில் முதல் பக்கம் கையாலேயே இறங்கியது. இரண்டாவது பக்கத்தில் கடைசி எட்டு அங்குலம் வரவே வரவில்லை. மூன்று லிவரையும் போட்டு இழுத்தேன். ரிம் காப்புத் துண்டு நழுவி, கருப்புப் பெயிண்டில் ஒரு அங்குலக் கீறல் விழுந்தது. அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. இழுப்பதை நிறுத்திவிட்டு யோசித்தபோதுதான் புரிந்தது. எதிர்ப்பக்கத்தில் பீடு ரிம்மின் நடுப் பள்ளத்தில் இல்லை, மேலேறி உட்கார்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் முழங்காலை ஊன்றி பீடைப் பள்ளத்தில் தள்ளி மச்சினனைப் பிடிக்கச் சொன்னேன். அதன் பிறகு லிவரில் இரண்டு அங்குலம் இரண்டு அங்குலமாக எடுத்ததும் ஒரு நிமிடத்தில் முடிந்தது. பலம் தேவைப்பட்டால் எங்கோ தப்பு நடக்கிறது என்று இந்த வேலையில் அர்த்தம். சோப்புத் தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிட்டதால் நடுவில் டயர் மசகு வாங்கி வந்தேன், 16 டாலர். முன் டயரை அதோடு போட்டபோது பாதி நேரம்தான் ஆனது. அம்புக்குறியைச் சுழலும் திசைக்கு மூன்று தடவை சரிபார்த்தேன்.

பழைய ரப்பர் வால்வை எடுத்துவிட்டு 90 டிகிரி வளைந்த உலோக வால்வு இரண்டு போட்டேன், ஜோடி 24 டாலர். பெரிய டிஸ்க்குகளுக்கு நடுவே காற்றுக்குழாயை நுழைக்கும் பாடு ஒழிந்தது. இனிச் சோம்பல் படாமல் வாரம் ஒரு தடவை காற்று பார்க்கலாம். காற்றடித்தபோது 35 தாண்டி ஒரு சத்தம், 40-க்குக் கிட்டே இன்னொரு சத்தம், பீடு இரண்டு பக்கமும் உட்கார்ந்தது. சைட்வாலில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

சமநிலைக்கு ஒரு ஸ்டாண்ட் வாங்கினேன், 92 டாலர். டயர் போடுவதற்கு முன்பே வெறும் ரிம்மை அதில் சுழலவிட்டு, கனமான இடம் கீழே வந்து நிற்கும்போது டேப் ஒட்டி வைத்திருந்தேன். இந்த யோசனை பலித்தது. முன்னால் 15 கிராம், பின்னால் 25 கிராம் ஈயத் துண்டோடு முடிந்தது. கடையில் முன்பு போட்டுத் தந்தபோது பின் ரிம்மில் 70 கிராம் ஒட்டியிருந்தது.

திரும்பப் பொருத்தும்போது இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் எதையும் இறுக்கவில்லை. பின் ஆக்சில் நட் 125 நியூட்டன் மீட்டர், முன் காலிப்பர் போல்ட்கள் 40. எல்லாம் முடிந்ததும் பிரேக் பெடலையும் லிவரையும் கெட்டியாகும் வரை அடித்துப் பார்த்தேன். காலிப்பரைக் கழற்றி மாட்டினால் முதல் இரண்டு மூன்று அழுத்தலுக்கு பிரேக் இருக்காது. இதை மறந்து தெருவில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

காற்று இப்போது முன்னால் 40, பின்னால் 42, காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பு பார்த்தது. வண்டியில் ஒட்டியிருக்கும் எண்ணை எல்லோரும் முதலில் பார்க்கட்டும். நான் என்னுடைய பாரத்துக்காக முன்னால் ஒன்றிரண்டு கூடவே வைக்கிறேன். முதல் நூறு மைல் ஜோர்டன் ஏரிப் பக்கம் தனியாக, வேகமில்லாமல், சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனேன். புது டயரின் மேல்தோல் தேயும் வரை அது வழுக்கும்.

இரண்டு வாரம் கழித்து மனைவியோடு வின்ஸ்டன்-சேலம் வழியாக 421-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து டீப் கேப்பில் பார்க்வேயில் ஏறினோம். கிராண்ட்ஃபாதர் மலையை ஒட்டி லின் கோவ் பாலம் இருக்கிறதே, மலையைத் தொடாமல் பாம்பு மாதிரி வளைந்து போகும் பாலம், அதன் வளைவுகளில்தான் போன வருடம் பின்பக்கம் அமுங்கியது. இந்தத் தடவை 45 மைல் வேக வரம்புக்குள் அதே பாரத்தோடு, அதே ஸ்பிரிங் நிலையில் போனேன். சாய்த்த கோடு அப்படியே நின்றது. மனைவியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பாலம் தாண்டி நிறுத்தியபோது அவளே, "போன தடவை வயித்தைப் பிரட்டுச்சுங்க, இப்ப இல்ல" என்றாள். எனக்கு அதைவிடப் பெரிய அளவீடு தேவைப்படவில்லை. திரும்பும் வழியில் வில்க்ஸ்பரோ பக்கம் கொட்டிய மழையிலும் வண்டி கலங்கவில்லை.

ஒன்று இழந்தேன், அதையும் சொல்ல வேண்டும். தனியாக ஓட்டும்போது சின்னச் சின்னக் குழிகள் முன்பைவிடக் கூர்மையாகக் கைக்கு வருகின்றன. விறைப்பான கூட்டின் விலை அது. எப்போதும் தனியாக, பெட்டியில்லாமல் ஓட்டுகிறவராக இருந்தால் இதே வண்டிக்கு சாதாரண வகையே சுகமாக இருக்கலாம். 70 கிலோ ஆள் ஒருவர் தனியாக ஓட்டக் கேட்டிருந்தால் நான் ஜிடி வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

மொத்தச் செலவு: டயர் 460, வால்வு, பேஸ்ட், மசகு, ஈயத் துண்டுகள் சேர்ந்து 66, லிவரும் ரிம் காப்பும் 58, ஸ்டாண்ட் 92, கீல் 6, திருப்பி அனுப்பிய 19. ஆக 701 டாலர். கருவிகளுக்கான 156 அடுத்த முறை இருக்காது. நேரம் பின் சக்கரத்துக்கு ஒரு முழு நாள், முன் சக்கரத்துக்கு மூன்று மணி நேரம்.

அடுத்த தடவை செய்யப்போகும் மாற்றங்கள் இரண்டு மூன்று உண்டு. டயரை வேலைக்கு முன்பு ஒரு மணி நேரம் வெயிலில் போட்டுவைப்பேன், நான் செய்தது மார்ச் மாதக் குளிரில், ரப்பர் கட்டையாக இருந்தது. ரிம் காப்பைக் கயிற்றால் ஸ்போக்கில் கட்டிவிடுவேன். சக்கரம் வெளியே இருக்கும்போதே பேரிங்கை விரலால் சுற்றிப் பார்ப்பேன், இந்தத் தடவை அவசரத்தில் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் பார்த்தேன். ஆர்டர் போடும்போது மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பெயரை உரக்கப் படிக்கச் சொல்லப்போகிறேன்.

பின் டயரின் மையத்தில் இன்னும் 3 மில்லிமீட்டர் இருக்கிறது. இதே வேகத்தில் தேய்ந்தால் குளிர்காலம் வரை தாங்கும். மச்சினனின் வண்டிக்கும் டயர் வந்துவிட்டது, வருகிற ஞாயிறு அவனுடையதைக் கழற்றுகிறோம். அந்தக் கட்டையும் கீலும் தூணிலேயே இருக்கின்றன.